புரட்டாசி சனிக்கிழமை கிச்சன்ல மீன் வாசனை, ஓவன் பிளக் கருகிடுச்சு, யாராச்சும் சொல்லுங்க

நெல்லைக்காரன்_மிட்ராண்ட்
சனி இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க.

போன வருஷம் இங்க தென்னாப்பிரிக்காவுல, மிட்ராண்ட்ல ஒரு காம்ப்ளெக்ஸ்ல வீடு வாங்கினோம். பழைய கிச்சனை இடிச்சிட்டு புதுசு போட்டோம், முன்னாடி ஃப்ரீ ஸ்டாண்டிங் ஸ்டவ் இருந்துச்சு, அதை எடுத்துட்டு இண்டக்‌ஷன் ஹாப் (மேடை மேல பதிக்கிற அடுப்பு) தனியா, பில்ட் இன் ஓவன் தனியா. ஹாப் 7.4 கிலோவாட், ஓவன் 3.4. கிச்சன் போட்ட கம்பெனி ஆளே வயரிங்கும் பண்ணிக் குடுத்தாரு. ஹாப் பழைய ஸ்டவ் லைன்ல போச்சு. ஓவனுக்கு ஒரு பிளக் மாட்டி, பின்னாடி செவுத்துல ஏற்கனவே இருந்த பிளக் பாயிண்ட்ல குத்திட்டு ஓவனை உள்ள தள்ளிட்டாரு. இங்க இருக்கிற பெரிய குண்டு பின் மூணு, நம்ம ஊர்ல ஏசிக்கு போடுற பவர் பிளக் மாதிரியே இருக்கும்ல, அது.

ஆரம்பத்துல ஓவன் ஓடும்போது கெட்டில் போட்டா, கூட டிஷ்வாஷரும் ஓடினா, டிபில (பிரேக்கர் பெட்டி) ஒரு பிரேக்கர் விழுந்துரும். வீட்டுல ஒரே சண்டை, "கேக்கா காபியா ஏதாவது ஒண்ணு சொல்லு"ன்னு. ஜூன் மாசம் அந்த ஆளையே கூப்பிட்டேன், வந்தாரு, 20 ஆம்ஸ் பிரேக்கரைக் கழட்டிட்டு 32 போட்டாரு, "இனிமே விழாது சார்"னாரு. சொன்ன மாதிரியே விழல. நாங்களும் சந்தோஷமா இருந்தோம்.

இன்னைக்குப் புரட்டாசி சனி. வீட்டுல ஒரு வாரமாவே மீன் வாசனை. எங்க வீட்டுல புரட்டாசி முழுக்க கவுச்சியே கிடையாது, மனைவி பக்கத்து யூனிட்காரங்கதான்னு முடிவே பண்ணிட்டா, ரெண்டு நாளா அந்த அம்மாகிட்ட சரியா பேசல. இன்னைக்கு சாயங்காலம் பெருமாளுக்கு தளிகை முடிச்சு மகளுக்கு கேக் போட்டோம், வாசனை தாங்க முடியல. ஓவன் பக்கத்துல போய் மோந்து பாத்தா அங்கிருந்துதான். இழுத்துப் பாத்தேன், பிளக் ஒரு பக்கம் பழுப்பா மாறி ஓரம் உருகி இருக்கு, தொட்டா கை சுடுது. மெயின் ஆஃப் பண்ணி பிளக்கை புடுங்கிட்டேன்.

இன்னொண்ணு, ஜனவரியில ஊருக்குப் போய் அஞ்சு வாரம் கழிச்சு வந்து ஓவன் போட்டப்ப அஞ்சே நிமிஷத்துல எர்த் லீக்கேஜ் (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) விழுந்து வீட்டுல எல்லா பிளக்கும் போச்சு. ரெண்டு நாள் திரும்பத் திரும்ப போட்டுப் போட்டு அதுவா சரியாயிடுச்சு. இப்ப அந்த ஆள் போன்ல சொல்றாரு, ஓவனையும் ஸ்டவ் லைன்லயே சேத்துடலாம், அதுல எர்த் லீக்கேஜும் கிடையாது, ரெண்டு தொல்லையும் ஒரே அடியில போயிடும்னு. சரியா? ஸ்டவ் லைன் பிரேக்கர் 40 ஆம்ஸ்.


பாலா_சாண்டன்
சனி இரவு 10.05

பாஸ் பயப்படாதீங்க, பிளக் மட்டும் மட்டமா இருந்திருக்கும், 30 ரேண்டுக்கு நல்ல பிளக் ஒண்ணு வாங்கி மாத்துங்க. ஸ்டவ் லைன்ல சேக்குறதும் நல்ல ஐடியாதான், 40 பத்தலேன்னா 63 போடச் சொல்லுங்க. என் ஃப்ரெண்ட் வீட்டுல அப்படித்தான் ஓடுது.


ஒயர்மேன்_டர்பன்
சனி இரவு 10.58

பாலா தம்பி, கோவிச்சுக்காதீங்க, நீங்க சொன்னதை அவர் செஞ்சா அடுத்த புரட்டாசிக்கு அந்த வீடு இருக்காது.

நெல்லைக்காரரே, முதல்ல ஒண்ணு. மெயினை ஆஃப் பண்ணிட்டுப் புடுங்கினீங்க பாருங்க, அது நல்ல வேலை. பிளக்கு, சாக்கெட்டு, பிரேக்கர் எல்லாம் ஒரு வகை கெட்டி பிளாஸ்டிக், அது சூடு தாங்காம வேகும்போது மீன் நாத்தம்தான் வரும். பல தடவை தீ வாடையும் வராது, புகையும் வராது, மீனு மட்டும். நான் மதுரையில இருந்து டர்பன் வந்து பதினாறு வருஷம் ஆச்சு, இங்க எத்தனை வீட்டுல ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி வினிகர் ஊத்தித் தொடச்சிட்டு அப்புறமா என்னைக் கூப்பிட்டிருக்காங்க தெரியுமா. பக்கத்து வீட்டம்மாகிட்ட நாளைக்கே ஒரு தட்டு சக்கரைப் பொங்கல் குடுத்து சமாதானம் ஆயிடுங்க. அவங்க டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பமா இருந்தா உங்களை விட கறாரா புரட்டாசி இருப்பாங்க, அதையும் சொல்லி வைக்கிறேன்.

இப்ப விஷயம். உங்க வீட்டுல கெட்டது பிளக் இல்ல, ஜூன் மாசம் போட்ட அந்த 32.

கணக்கு பாருங்க. ஓவன் 3.4 கிலோவாட்டை 230 வோல்ட்டால வகுத்தா 14.8 ஆம்ஸ். கெட்டில் 2.2 கிலோவாட்னா 9.6. டிஷ்வாஷர் தண்ணி சூடு பண்ணும்போது ஒரு 2 கிலோவாட், 8.7 ஆம்ஸ். மூணும் சேந்தா 33. உங்க கிச்சன் பிளக் லைன்ல ஓடுறது 2.5 எம்எம் வயர், இங்க வழக்கமா அதுக்கு 20 ஆம்ஸ் பிரேக்கர்தான். 33 ஆம்ஸ் இழுத்தா 20 ஆம்ஸ் பிரேக்கர் கொஞ்ச நேரத்துல விழும், விழணும், அதுக்குத்தான் அதை அங்க வச்சிருக்கான். உங்களுக்கு விழுந்துச்சுல்ல, அப்ப அது நல்ல பிரேக்கர், அதைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டாங்க.

32 போட்டா என்ன ஆவும்? பிரேக்கர் மேல எழுதியிருக்கிற நம்பர் தாண்டின உடனே அது விழுந்துரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. வீட்டு பிரேக்கரோட (எம்சிபி) ஸ்டாண்டர்டே அந்த நம்பரை விட 1.13 மடங்கு வரைக்கும் ஒரு மணி நேரம் விழக்கூடாதுங்குது, 1.45 மடங்குல ஒரு மணி நேரத்துக்குள்ள விழணுங்குது. 32க்கு 1.13 மடங்கு 36 ஆம்ஸ். உங்க 33 ஆம்ஸ் அதுக்கும் கீழ, அதனால அந்தப் பிரேக்கர் கண்ணுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஓடவிடும். நடுவுல மாட்டினது வயர். வயர்ல சூடு கரண்ட்டோட வர்க்கத்துல ஏறும், 20ல இருந்து 32 ஆச்சுன்னா கரண்ட் ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேல, சூடு ரெண்டரை மடங்கு. பிரேக்கர் ஓவனைக் காப்பாத்த இல்லீங்க, செவுத்துக்குள்ள இருக்கிற வயரைக் காப்பாத்த. ஓவனுக்குள்ள அதுக்கான தெர்மோஸ்டாட் கட்அவுட் எல்லாம் தனியா இருக்கு.

அந்த பிளக் மட்டும் ஏன் கருகுச்சுன்னா, 16 ஆம்ஸ் பிளக்குல 14.8 ஓடுறது சட்டப்படி சரிதான், ஆனா விளிம்புல ஓடுது. மேல ஓவனோட பின்பக்கச் சூடு. அதுக்கும் மேல, அந்த சாக்கெட்டுக்கு வர்ற வயர் அங்க முடியாது, அதுல இருந்து லூப் அடிச்சு அடுத்த சாக்கெட்டுக்குப் போகும். கெட்டிலும் டிஷ்வாஷரும் அதுக்கு அடுத்ததுல இருந்தா மொத்த 33 ஆம்ஸும் இந்த சாக்கெட்டோட ஸ்க்ரூ வழியாத்தான் தாண்டிப் போகுது. அந்த ஸ்க்ரூ அரை சுத்து லூசா இருந்தா போதும். வாணலியில வடை சுடுற மாதிரி சுடும்.

ஸ்டவ் லைன்ல சேக்குறதைப் பத்தி காலையில எழுதுறேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, ஸ்டவ் ஐசொலேட்டர், அதாவது ஸ்டவ்வுக்கு வர்ற கரண்டை மொத்தமா கட் பண்ற சுவிட்ச், எங்க இருக்கு உங்க வீட்டுல?


சுகந்தி_சென்சூரியன்
ஞாயிறு காலை 7.20

அண்ணா சொன்னது கேட்டு நானும் எங்க வீட்டு ஓவன் பிளக்கை மோந்து பாத்துட்டு வந்தேன், நல்லவேளை வெறும் தூசி வாசனைதான்.

எங்க கதையையும் சொல்லிடறேன், ஹாப் போடுறவங்களுக்கு உதவும். எங்க இண்டக்‌ஷன் ஹாப் மாட்டின அன்னைக்கு இடது பக்கம் ரெண்டு அடுப்பு வேலை செஞ்சுது, வலது பக்கம் ரெண்டும் செத்துக் கிடந்துச்சு. கடைக்காரங்க வேற ஹாப் மாத்திக் குடுத்தாங்க, அதுலயும் அதே கதை. மூணாவது தடவை வேற எலக்ட்ரீஷியன் வந்து கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு சிரிச்சிட்டாரு. ஹாப்புல இருந்து வர்ற கேபிள்ல பிரவுன், கருப்பு, நீலம், பச்சை மஞ்சள்னு நாலு வயர். அது ஐரோப்பாவுல ரெண்டு பேஸ்ல போடுற மாதிரி செஞ்சது, அதனால பிரவுனும் லைவ், கருப்பும் லைவ். நம்ம வீட்டு செவுத்துக்குள்ள பழைய வயர்ல சிவப்பு லைவ், கருப்பு நியூட்ரல். முதல் ஆள் கருப்பைக் கருப்போட முறுக்கிட்டுப் போயிட்டான். பாதி ஹாப்புக்கு ரெண்டு பக்கமும் நியூட்ரல், எப்படி எரியும். சிங்கிள் பேஸ் வீட்டுல பிரவுனையும் கருப்பையும் சேத்து லைவ்ல போடணும், அதுக்குன்னே ஒரு குட்டி செம்புத் தகடு ஹாப் டப்பாவுல வரும், அது எங்க வீட்டுல ஸ்க்ரூ கவரோட டிராயர்ல கிடந்துச்சு.

மூணு வாரம் பாதி அடுப்புலயே சமைச்சேன், சாம்பார் கொதிச்சா ரசம் காத்திருக்கும்.


ஒயர்மேன்_டர்பன்
ஞாயிறு காலை 8.45

தங்கச்சி சொன்னது ரொம்ப முக்கியம், உங்களுக்கு நல்ல நேரம், சும்மா எரியாம போச்சு. மூணு பேஸ் வர்ற வீட்டுல ஒருத்தர் நீலத்தையும் ஒரு பேஸ்ல மாட்டிட்டாரு, 230க்கு செஞ்ச போர்டுக்கு 400 வோல்ட் போச்சு, டப்புனு ஒரு சத்தம், புது ஹாப் போச்சு.

இன்னொரு தப்பும் இதுல வரும். ஹாப் புத்தகத்துல 2 தடவை 16 ஆம்ஸ்னு போட்டிருக்கேன்னு சிங்கிள் பேஸ் வீட்டுலயும் ரெண்டு 16 ஆம்ஸ் பிரேக்கர் போட்டு ரெண்டு லைவ் இழுத்து, நியூட்ரல் மட்டும் ஒரே 2.5 எம்எம் போடுவாங்க. ரெண்டு வேற வேற பேஸ்னா நியூட்ரல்ல ரெண்டு கரண்டும் அப்படியே கூடிக்காது. ஒரே பேஸ்னா ரெண்டும் அப்படியே கூடி 32 ஆம்ஸ் அந்த ஒத்தை நியூட்ரல்ல திரும்பி வரும். நியூட்ரலுக்கு பிரேக்கர் ஏது? லைவ்ல இருக்கிற ரெண்டு பிரேக்கரும் நிம்மதியா உக்காந்திருக்கும், நியூட்ரல் வெந்துக்கிட்டு இருக்கும். அதனால சிங்கிள் பேஸ்னா ஒரே லைன், ஒரே பிரேக்கர், லைவ் நியூட்ரல் ரெண்டும் ஒரே சைஸ், பேச்சு முடிஞ்சது.

சரி ஸ்டவ் லைன் கேள்விக்கு வரேன். ஹாப் 7.4, ஓவன் 3.4, மொத்தம் 10.8 கிலோவாட், அதாவது 47 ஆம்ஸ். 40 ஆம்ஸ் லைன்ல 47 எப்படின்னு கேப்பீங்க. பிரிட்டிஷ்காரன் வழிமுறைல ஒரு கணக்கு இருக்கு, சமையல் சாமானுக்கு முதல் 10 ஆம்ஸ் முழுசா, மிச்சத்துல முப்பது சதவீதம் மட்டும் எடுத்துக்கோன்னு. அப்படிப் பாத்தா 10 கூட 11, மொத்தம் 21 ஆம்ஸ்தான். ஓவன் சூடாயிட்டா தெர்மோஸ்டாட் நிறுத்தி நிறுத்திப் போடும், நாலு அடுப்பும் ஒரே நேரத்துல ஃபுல்ல எரியறது அபூர்வம், அதான் அந்தக் கணக்கு. தப்பில்ல. ஆனா அந்தக் கணக்குப் போட்டவன் நம்ம வீட்டு தீபாவளியைப் பாக்கல. ஒரு பக்கம் முறுக்கு எண்ணெய், ஒரு பக்கம் பாகு, குக்கர், தோசைக்கல்லு, உள்ள ஓவன்ல கேக்கு.

அதை விட நான் வேண்டாங்கறதுக்குக் காரணம் ஓவனோட வந்த கேபிள். அது பெரும்பாலும் 1.5 எம்எம் தான் இருக்கும், புத்தகத்தைப் பாருங்க, 16 ஆம்ஸ் ஃபியூஸ்ல போடுன்னு எழுதியிருப்பான். அதைக் கொண்டு போய் 40 ஆம்ஸ் பிரேக்கருக்குப் பின்னாடி மாட்டினா அந்தக் குட்டி கேபிளை யார் காப்பாத்துறது? திரும்ப அதே ஜூன் மாசக் கதைதான்.

அதனால என் பேச்சைக் கேட்டா, டிபில இருந்து ஓவனுக்கு மட்டும் தனியா ஒரு லைன், 2.5 எம்எம், 20 ஆம்ஸ் பிரேக்கர், ஓவன் புத்தகம் 16ன்னு கண்டிப்பா சொன்னா 16. முடியுற இடம் ஓவனுக்குப் பின்னாடி வேண்டாம், பக்கத்து கப்போர்டுக்குள்ள, கை எட்டுற இடத்துல. கிச்சன் பிளக் லைனுக்குத் திரும்ப 20 ஆம்ஸே. ஹாப்புக்கு ஸ்டவ் லைன், அந்த வயர் எந்த சைஸ்னு முதல்ல பாக்கணும், பழைய ஸ்டவ் லைன் பல வீட்டுல 6 எம்எம் இருக்கும், சிலதுல 4 தான் இருக்கு. 6 எம்எம்னா 32 ஆம்ஸ் போடுங்க, மேல சீலிங்ல குளிருக்குப் பஞ்சு போத்தியிருக்காங்கன்னா வயர் மூச்சு விடாது, அங்க 40 வேண்டாம். 4 எம்எம்னா புதுசு இழுங்க, இல்லேன்னா ஹாப்பையே குறைச்சு வைங்க, இப்ப வர்ற நிறைய ஹாப்புல செட்டிங்லயே மொத்த பவரைக் கட்டுப்படுத்தலாம், என் வீட்டு ஹாப்பை 4.6 கிலோவாட்ல வச்சிருக்கேன், மூணு வருஷமா இட்லி நல்லாத்தான் வேகுது.

இதெல்லாம் நீங்களே செய்யாதீங்க, அந்த கிச்சன் ஆளும் வேண்டாம். இங்க 2009 விதிப்படி பதிவு பண்ணின ஆள்தான் செஞ்சு, டெஸ்ட் பண்ணி, சிஓசி, அதாவது வயரிங் விதிப்படி இருக்குங்கற சர்டிபிகேட், குடுக்கணும். வீடு வாங்கும்போது வாங்கின சிஓசி பழைய ஸ்டவ்வுக்கு. கிச்சனை இடிச்சுக் கட்டின அன்னைக்கே அந்த வேலைக்குத் தனியா ஒண்ணு வாங்கியிருக்கணும்.

ஐசொலேட்டர் எங்கேன்னு கேட்டேனே?


நெல்லைக்காரன்_மிட்ராண்ட்
ஞாயிறு மதியம் 1.15

அண்ணா ரொம்ப நன்றி. உங்க கேள்வியைப் பாத்துட்டு ஐசொலேட்டரைத் தேடினேன். பழைய கிச்சன் போட்டோ போன்ல இருந்துச்சு, ஸ்டவ்வுக்கு இடது பக்கம் செவுத்துல சிவப்பு சுவிட்ச்சோட தெளிவா தெரியுது. இப்ப அந்த இடத்துல உயரமான பேன்ட்ரி கப்போர்டு. உள்ள மசாலா டப்பா எல்லாம் எடுத்துட்டுப் பின்பலகையைத் தட்டிப் பாத்தா ஒரு இடம் பொள்ளுனு சத்தம் வருது. பலகைக்குப் பின்னாடி மூடிட்டான். ஹாப்ல தீப்பிடிச்சா மஞ்சப் பொடியை எடுத்துட்டு ஸ்க்ரூ டிரைவர் தேடணும் நான்.

பாலா சார், உங்க மேல கோபம் எல்லாம் இல்ல, நானே நேத்து பிளக் வாங்கத்தான் கிளம்பினேன்.


ஒயர்மேன்_டர்பன்
ஞாயிறு மதியம் 2.02

நினைச்சேன். பத்து புது கிச்சன்ல ரெண்டு மூணுல இந்தக் கூத்து நான் பாக்குறேன். இந்த ஊர் வயரிங் ஸ்டாண்டர்ட் எஸ்ஏஎன்எஸ் 10142-1ல தெளிவா இருக்கு, நிரந்தரமா வயர் பண்ணின அடுப்புக்கு ஐசொலேட்டர் அதே ரூம்ல, மூணு மீட்டருக்குள்ள, கை எட்டுற உயரத்துல இருக்கணும், அடுப்புக்கு நேர் மேலயும் இருக்கக்கூடாது. எண்ணெய் தீப்பிடிச்சா அதுக்கு மேல கையை நீட்டி யாரு ஆஃப் பண்றது. டெஸ்ட் பண்ண வர்ற ஆள் இதைப் பாத்தா சிஓசி குடுக்க மாட்டான், குடுத்தா அவன் சரியில்ல.


லெனேசியா_பெரியவர்
ஞாயிறு மாலை 5.30

வணக்கம் தம்பிகளே. நான் இந்த நாட்டிலேயே பிறந்தவன், எங்கள் பாட்டன் கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்கு வந்தவர். என் தமிழ் தமிழ்ப் பள்ளியிலும் கோயிலிலும் கற்ற தமிழ், கொஞ்சம் புத்தகம் போல் இருக்கும், சிரிக்க வேண்டாம். முப்பத்தொரு வருடம் அடுப்பும் ஓவனும் பழுது பார்த்தேன், இப்போது ஓய்வு.

டர்பன் தம்பி வயரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். ஜனவரியில் எர்த் லீக்கேஜ் விழுந்ததை யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன். ஓவன் எலிமெண்ட் என்பது ஒரு இரும்புக் குழாய். உள்ளே சுருள் கம்பி, சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளை மாவு இறுக்கி அடைத்திருக்கும். அந்த மாவு காய்ந்திருந்தால் கரண்டை விடாது. ஆனால் நம் வீட்டு உப்பு ஜாடி போல் அது ஈரத்தை இழுக்கும். குழாயின் முனையில் உள்ள அடைப்பு கொஞ்சம் விட்டிருந்தால் போதும், ஐந்து வாரம் ஓவன் சும்மா கிடந்தால், அதுவும் ஜனவரி மழையில், காற்றில் உள்ள ஈரம் உள்ளே போய்விடும். பிறகு போட்டவுடன் கம்பியிலிருந்து ஈர மாவு வழியாகக் குழாய்க்கு, குழாயிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் கரண்ட் கசியும். 30 மில்லிஆம்ப் வந்தால் எர்த் லீக்கேஜ் விழ வேண்டும், விழுந்தது. ரெண்டு நாள் போட்டுப் போட்டு சூடேறி மாவு காய்ந்தது, சரியானது. பேய் இல்லை, மாயம் இல்லை.

எந்த எலிமெண்ட் என்று கண்டுபிடிப்பது சுலபம். மேல் சூடு மட்டும் போடுங்கள், பிறகு கீழ், பிறகு கிரில், பிறகு பின்னால் விசிறியைச் சுற்றி உள்ள வட்ட எலிமெண்ட். எதைப் போட்டால் விழுகிறதோ அதுதான். நான் மெகர் என்ற இன்சுலேஷன் அளக்கும் கருவியில் 500 வோல்ட் வைத்து அளப்பேன், அளவு குறைவாகக் காட்டினால் எலிமெண்டைக் கழற்றி நிதானமாகக் காய வைத்து மறுபடி அளப்பேன். ஏறினால் வாழும், ஏறாவிட்டால் புதியது. ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் இதே தொல்லை என்றால் காய வைப்பதில் பயன் இல்லை, மாற்றிவிடுங்கள்.

ஓவனை எர்த் லீக்கேஜ் இல்லாத லைனில் போட்டால் விழாது, அது உண்மை. நிரந்தரமாக வயர் செய்த அடுப்பை அப்படிப் போட விதியும் இடம் கொடுக்கிறது. ஆனால் கசிவை மறைப்பதற்காக அங்கே கொண்டு போவது வேறு விஷயம். எண்பதுகளில் ஒரு வீட்டில் அடுப்பைத் தொட்டால் விர்ரென்று அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஸ்டவ் எர்த் வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தார்கள், எர்த் லீக்கேஜ் விழுகிறது என்று முன்பு யாரோ செய்த வைத்தியம். அந்த வீட்டு அம்மா ரப்பர் செருப்பு போட்டுத்தான் சமைப்பார், அதையே ஒரு வழக்கம் போல் மருமகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.


பாலா_சாண்டன்
ஞாயிறு மாலை 6.10

சரி சரி, 63 வாபஸ். என் ஃப்ரெண்டுக்கும் இந்த த்ரெட்டை அனுப்பிட்டேன்.

ஆனா ஒண்ணு கேக்குறேன், இவ்வளவு தொல்லைக்கு கேஸ் ஹாப் போட்டா முடிஞ்சு போச்சுல்ல? லோட் ஷெட்டிங் வந்தாலும் சமைக்கலாம். 2023ல நாங்க பட்ட பாட்டை மறக்க முடியுமா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சு சாதம் வடிச்ச கூட்டம் நாங்க.


ஒயர்மேன்_டர்பன்
ஞாயிறு இரவு 8.20

பெரியவர் ஐயாவுக்கு வணக்கம், உங்க தமிழ் எங்க தமிழை விட சுத்தமா இருக்கு, நாங்க சிரிக்கிறதாவது.

பாலா தம்பி, கேஸ் நல்லதுதான், ஆனா அதுக்கும் தனியா கேஸ் சர்டிபிகேட் வேணும், காம்ப்ளெக்ஸ் அனுமதியும் வேணும், ஓவன் எப்படியும் கரண்ட்லதான் ஓடும், அதனால நம்ம கேள்வி அப்படியேதான் இருக்கு. இன்வெர்ட்டர் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, ஓவனும் ஹாப்பும் கீசரும் இன்வெர்ட்டர் பக்கம் போகவே கூடாது, 5 கிலோவாட் இன்வெர்ட்டர்ல ஓவனும் கெட்டிலும் சேந்தாலே 5.6.

நெல்லைக்காரரே, உங்க மெயின் பிரேக்கர் எவ்வளவு? 60 ஆம்ஸா இருந்தா இதையும் கூட்டிப் பாருங்க. கீசர் 3, ஹாப் 7.4, ஓவன் 3.4, கெட்டில் 2.2, எல்லாம் 16 கிலோவாட், கிட்டத்தட்ட 70 ஆம்ஸ். கீசருக்கு ஒரு டைமர் போட்டு சமையல் நேரத்துல ஆஃப் பண்ணி வச்சா போதும், மெயின்ல கை வைக்க வேண்டாம், அது முனிசிபாலிட்டி சமாச்சாரம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், வர்ற எலக்ட்ரீஷியன்கிட்ட டிபில நியூட்ரல் பார் ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு தடவை இறுக்கிப் பாக்கச் சொல்லுங்க. லைவ் பக்கம் எல்லாரும் பாப்பாங்க, நியூட்ரலை ஒருத்தரும் பாக்குறதில்ல.


நெல்லைக்காரன்_மிட்ராண்ட்
அடுத்த சனி, இரவு 8.50

அப்டேட். பதிவு பண்ணின எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வியாழக்கிழமை வந்தாரு, முழு நாள் ஆச்சு.

ஓவன் பின்னாடி சாக்கெட்டைக் கழட்டினாரு, என்னையும் கூப்பிட்டுக் காமிச்சாரு. சிவப்பு வயரோட மேல்தோல் ரெண்டு இஞ்ச் அளவுக்கு கருத்து, அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு, விரல்ல தொட்டா உதிருது. உள்ள செம்பு ஊதா கலர்ல இருக்கு. ஸ்க்ரூவை டிரைவர் வச்சு சுத்தினாரு, முக்கால் சுத்து சும்மா போச்சு. டர்பன் அண்ணா சொன்ன அதே லூப், கெட்டிலும் டிஷ்வாஷரும் அதுக்கு அப்புறம்தான். செவுத்துக்குள்ள மெகர் வச்சுப் பாத்தாரு, மிச்ச வயர் தேறிடுச்சு, ஆனா அந்த ஒரு துண்டை மட்டும் பக்கத்து சாக்கெட் வரைக்கும் புதுசா இழுத்தாரு.

கிச்சன் பிளக் லைனுக்கு 20 ஆம்ஸ் திரும்ப வந்தாச்சு. ஓவனுக்குத் தனி லைன், புத்தகத்துல 16 தான் போட்டிருந்தான், அதனால 16. பேன்ட்ரி கப்போர்டு பின்பலகையை வெட்டி ஐசொலேட்டரை வெளிய எடுத்து ஹாப்புக்கு வலது பக்கம் செவுத்துக்கு மாத்திட்டாரு. ஸ்டவ் லைன் வயர் 6 எம்எம்தான், ஆனா மேல பஞ்சுக்கு அடியில போகுது, 40ஐ எடுத்துட்டு 32. ஹாப்பை 6 கிலோவாட்ல செட் பண்ணியிருக்கோம். நியூட்ரல் பார்ல ரெண்டு ஸ்க்ரூ லூசு, அதுல ஒண்ணு கீசரோடது.

பெரியவர் ஐயா, நீங்க சொன்ன மாதிரி ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன், இப்ப எதுலயும் விழல. எலக்ட்ரீஷியன் மெகர்ல பாத்தப்ப வட்ட எலிமெண்ட் மட்டும் மத்ததை விடக் கம்மியா காட்டுச்சு, டிசம்பர்ல ஊருக்குப் போயிட்டு வந்து விழுந்தா அதை மாத்திக்கலாம்னாரு. சிஓசி கைக்கு வந்தாச்சு.

இன்னைக்கு மூணாவது சனி. கேக்கு, கெட்டில், டிஷ்வாஷர் மூணையும் வேணும்னே ஒண்ணா போட்டோம். பிரேக்கர் விழல, ஓவன் இப்ப அந்த லைன்ல இல்லையே. மனைவி மட்டும் இன்னும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓவன் பக்கம் போய் மோந்து பாத்துட்டு வரா. பக்கத்து யூனிட் அம்மா சக்கரைப் பொங்கலை வாங்கிக்கிட்டாங்க, அவங்க குடும்பம் ஃபீனிக்ஸ் பக்கமாம், புரட்டாசி ஒண்ணாம் தேதியில இருந்து முட்டை கூடத் தொடல, எங்க வீட்டுல இருந்துதான் மீன் வாசனை வருதுன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருந்தாங்களாம்.

அந்தக் கருகின பிளக்கையும் 32 ஆம்ஸ் பிரேக்கரையும் ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன். கிச்சன் கம்பெனிக்காரரு திங்கக்கிழமை பத்து மணிக்கு வரேன்னு சொல்லியிருக்காரு.